நாலில் ஒன்று போனால் பரவாயில்லை

குரல் போகப்போகிறவர்கள் வந்து தங்கள் குரலைக் கொடுத்துவைத்துவிட்டுப் போகிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருக்கிறவரைக்கும் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறி இடதுபக்கம் திரும்பினால் அந்த மையம். தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று தேதி குறிக்கப்பட்டவர்கள் அங்கே வருவார்கள். சுவர் முழுக்கப் பஞ்சுப்பலகை ஒட்டிய சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களையெல்லாம் வாசிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் போன் ஒன்று கைக்கு வரும். எழுத்தைத் தட்டினால் அது அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும்.

அங்கே ஒலிப்பதிவு, கம்ப்யூட்டர், சர்வர் என்று மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் பூனை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று அவளுடைய அண்ணன் வைத்த பெயர் இது. அதுவே ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்த அண்ணன் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் போடுகிறவன். விடிந்தால் வாயைத் திறப்பான், படுத்தால்தான் மூடுவான். ஒரே வயிற்றில் இப்படி ஒரு வாயும் இப்படி ஒரு மௌனமும் எப்படிப் பிறந்தன என்று அம்மா உயிரோடிருந்தவரை அலுத்துக்கொள்வாள்.

பழைய சர்வர் மூச்சுவாங்க ஆரம்பித்தபோது, புதிது வாங்க வேண்டும் என்று பூனைதான் பேச்சை எடுத்தாள். மையத்தை நடத்துகிற பேச்சு டாக்டர் நல்லவள். வேலையில் கறார், மனசு பஞ்சு. வாங்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சர்வரில் நாலு டிஸ்க் போடலாம். அந்த நாலையும் எப்படிக் கோப்பது?

நாலிலும் விஷயத்தைப் பிரித்து எழுதி, கூடவே ஒரு டிஸ்க் அளவுக்கு வெறும் சரிபார்ப்புக் கணக்கை எழுதிவைப்பது ஒரு முறை. நாலில் எது செத்தாலும், மீதி மூன்றும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு செத்ததில் இருந்ததைப் புது டிஸ்கில் திரும்ப எழுதிவிடும். மூன்று டிஸ்க் இடம் கிடைக்கும். இரண்டு டிஸ்க் அளவுக்குக் கணக்கு எழுதுவது இன்னொரு முறை. இரண்டு செத்தாலும் தாங்கும், ஆனால் இடம் இரண்டு டிஸ்க்தான். பூனைக்கு இரண்டாவது முறைதான் வேண்டும். அதை விளக்க அவள் டாக்டரின் மேஜைமேல் நாலு தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கினாள்.

"நாலு வாங்கிட்டு ரெண்டுக்குத்தான் இடம்னா, மத்த ரெண்டும் என்ன, விருந்துக்கா வந்திருக்கு?" என்றாள் டாக்டர்.

"அப்படி இல்ல மேடம். ஒண்ணு போயி, புதுசு மாட்டி, அது நிரம்பி முடியற வரைக்கும் மத்த மூணும் மூச்சுவிடாம ஓடணும். அந்த நேரம் பாத்து இன்னொண்ணும் படுத்துட்டா மொத்தமும் போச்சு."

"ஒண்ணு போற நேரத்துலயே இன்னொண்ணும் போகுமா? அப்படியெல்லாம் நடக்குமா என்ன?"

இந்த இடத்தில் பூனை மேஜையைத் தட்டிப் பேசியிருக்க வேண்டும். அவளுக்கு அது வராது. "எப்பவாவது நடக்கும்" என்று மென்று விழுங்கினாள்.

"அப்ப எப்பவாவது பாத்துக்கலாம். எனக்கு இடம் வேணும்மா. பேசும்போது அவங்க முகத்தையும் வீடியோ எடுக்கணும். வாய் எப்படி அசையுதுன்னு பாத்துத்தான் நான் அப்புறம் பயிற்சி கொடுக்க முடியும். நாலில் ஒண்ணு போனா பரவாயில்லல்ல? அது போதும்."

"அப்ப வெளியில வேற ஒரு இடத்துல ஒரு காப்பியாவது வச்சுக்கலாம் மேடம்."

டாக்டர் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். உங்கள் குரல் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று பெரிய எழுத்தில் அங்கே எழுதி ஒட்டியிருந்தது. எவனோ ஒரு நோயாளியின் குரலைத் திருடி, அவருடைய பிள்ளைக்கே போன் பண்ணி ஏமாற்றிய கதையை எங்கோ கேட்டதிலிருந்து டாக்டர் பிடித்த பிடி அது. வெட்டிச் சுத்தம் செய்யாத பச்சைக் குரலை நோயாளியிடமே கொடுக்கமாட்டாள். இன்னொரு பெட்டி வாங்கி உள்ளேயே ஒரு காப்பி வைக்கலாமே என்றதற்கு, அடுத்த வருஷம் என்றாள்.

பூனை தீப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

கடையில் அவள் செய்தது இன்னொரு கூத்து. அப்போதைக்கு இரண்டு டிஸ்க்தான் இருக்கிறது, மீதி இரண்டை வேறு கம்பெனியில் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். முடியவே முடியாது என்றாள். காத்திருந்து, சீல் உடைக்காத ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாளில் செய்த நாலையும் வாங்கினாள். அது வளர்ந்த வீட்டுப் புத்தி. அண்ணனுக்கு நீல டம்ளர் என்றால் தங்கைக்கும் நீல டம்ளர், அவனுக்குக் கோடு போட்ட போர்வை என்றால் இவளுக்கும் கோடு போட்ட போர்வை. சண்டை வரக்கூடாது என்று அம்மா எதையும் ஜோடியாகத்தான் வாங்குவாள். ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று பூனைக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. ஒரே நாளில் பிறந்த டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் சாகவும் கூடும் என்பது அவள் மண்டைக்கு எட்டவில்லை. நாலு பச்சை விளக்கும் எரிந்ததும் அண்ணனுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினாள். "டிராபிக் போலீஸ் வேலை கெடச்சிடுச்சா பூனை?" என்று அவன் பதில் போட்டான்.

அந்த அண்ணனுக்குத்தான் தொண்டை கரகரத்தது. சந்தையில் கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டுவது என்ன புதுசா? வெந்நீர் குடி என்றாள் அண்ணி. குடித்தான். மாதக்கணக்கில் குடித்தான். கடைசியில் பூனை அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டுவிட்டு அண்ணியோடு மூன்று பேரும் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில், வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணிதான் முதலில் உடைந்து அழுதாள்.

"எதுக்குடி அழுவுற? உயிர் இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல, குரல்தானே போகுது" என்றான் அவன். "இனிமே வீட்டுல உன் குரல் மட்டும்தான். நீ ஜெயிச்சிட்டே."

அந்த வாரம் மையத்தில் பதிவுக்கு வந்த இன்னொருவர் ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்க, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள் மாதிரி வந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான்.

"நாங்க போன்லயே குடும்பம் நடத்துறவங்க கண்ணு" என்றாள் மைக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு. "வீடியோவெல்லாம் அந்தக் கப்பலுக்கு வராது. குரலே விட்டுவிட்டுத்தான் வரும். என் மூஞ்சியை மறந்தாலும் மறப்பாரே தவிர, குரலை மறக்கமாட்டார்."

வாக்கியங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக வாசித்து முடித்தாள். முடித்துவிட்டுத் தயங்கினாள். "போன் வந்ததும் நான் முதல்ல கேக்கறது சாப்பிட்டீங்களான்னுதான். அதை மட்டும் நல்லா எடுத்துக்கறியா? இன்னொரு தரம் சொல்றேன்."

சொன்னாள். திருப்தியில்லை, மறுபடி சொன்னாள். அதட்டலாக ஒருதரம், கொஞ்சலாக ஒருதரம். கொஞ்சலாகச் சொன்னபோது வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த பூனைக்கே வெட்கமாக இருந்தது. வேலை சுருக்கமாக முடிந்தது. சர்வரில் அவளுடைய பங்கு கைக்கடக்கமானது.

அண்ணன் வந்தபோது அறையே இரண்டுபட்டது. வாக்கியத்தை வாசி என்றால், அதற்குப் பக்கத்து வாக்கியத்தைக் கிண்டலடிப்பான். நாற்காலியை ஏலம் விட்டான், மைக்கை ஏலம் விட்டான், கடைசியில் தங்கையையே ஏலம் விட்டான். "பூனை ஒண்ணு! பால் குடிக்காது, எலி பிடிக்காது, கம்ப்யூட்டரையே மொறைச்சுப் பாக்கும்! யாரு கேக்குறீங்க?" நாள் பூராவும் பேசினான். மறுநாளும் வந்து பேசினான். தொண்டை நெருப்பாக எரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இனி வாழ்நாளுக்கும் வேண்டியதை மொத்தமாகப் பேசித் தீர்க்கிறான் என்று பூனைக்குப் புரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குனிந்து அழுதாள். அத்தனை பேரிலும் பெரிய பதிவு அவனுடையதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக் குழியில் ஓட்டையோடு, சத்தமில்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். தையல்காரம்மாவுக்கும் அதே சமயத்தில்தான் முடிந்தது. குரலைச் செய்து தர வேண்டியவர்கள் என்று அப்போது ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுடைய பச்சைக் குரல் அந்த நாலு டிஸ்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. திரும்பப் பதியலாம் என்றால் பதிய ஒருவருக்கும் தொண்டையில் குரல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பூனை கதவைத் திறக்கும்போதே சர்வர் அறையிலிருந்து கீ கீ என்று சத்தம். மூன்று பச்சை, ஒரு சிவப்பு. அவள் பதறவில்லை. இதற்காகத்தானே அந்தக் கணக்கு? பழுதான டிஸ்கைக் கழற்றினாள், தயாராக வைத்திருந்த புதிதை மாட்டினாள். மீதி மூன்றும் ஓட ஆரம்பித்தன. நிரம்புகிற அளவு திரையில் மெள்ள மெள்ள ஏறியது. டாக்டர் எட்டிப் பார்த்து, "நாலில் ஒண்ணுதானே?" என்றாள். "ஒண்ணுதான் மேடம்" என்றாள் பூனை.

மத்தியானம் தாண்டி இரண்டாவது டிஸ்க் டொக் டொக் என்றது. பழைய பூட்டில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம். திரையில் ஏறிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றுவிட்டது.

பூனை எல்லாவற்றையும் நிறுத்தினாள். புது டிஸ்க் நிரம்பாது, அது தெரிந்துபோயிற்று. ஆனால் நொண்டிக்கொண்டாவது அந்த இரண்டாவது டிஸ்க் படிக்கிறது. படிக்கிறவரைக்கும் இருப்பதை வெளியே எடுத்து பதிவு அறைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். எப்போது முழுசாகச் சாகும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். திரையில் காத்திருப்பவர்களின் பதிவுகள் வரிசையாக நின்றன. எதை முதலில் எடுப்பது?

யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. சின்னதையெல்லாம் முதலில் எடுக்க வேண்டும். பெரியது ஒன்றை எடுக்கிற நேரத்தில் சின்னது ஏழெட்டை எடுத்துவிடலாம். இந்தத் தொழிலில் நேற்று நுழைந்தவனுக்குக்கூடத் தெரியும். பூனைக்குத் தெரியாதா? கையை மவுஸின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காதில் "யாரு கேக்குறீங்க?" என்று அவன் கத்தியது கேட்டது. வீட்டில் சத்தமில்லாமல் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அவனுடைய முகம் வந்து நின்றது. அவள் அண்ணனுடையதை அழுத்தினாள்.

சொல்லுங்கள், வேறு யாராக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை.

அது ஊர்ந்தது. படிக்கும், நிற்கும், டொக் டொக் என்னும், மறுபடி படிக்கும். பாதியில் நிறுத்திவிட்டுச் சின்னவற்றைப் பார்ப்போமா என்று பலதடவை கை போனது. இவ்வளவு வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம்தானே என்று ஒவ்வொரு தடவையும் கையை இழுத்துக்கொண்டாள். வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து எதிர்ச்சுவருக்குப் போனபோது அண்ணனுடையது முழுசாக வந்து சேர்ந்தது. அவசர அவசரமாக அடுத்ததை அழுத்தினாள், அது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அதற்கும் அடுத்தது தையல்காரம்மாவுடையது. அழுத்தினாள். டிஸ்க் ஒருதரம் நீளமாகக் கீறியது. பிறகு அந்த அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

டாக்டர் தன் சட்டத்தைத் தானே உடைத்தாள். செத்துப்போனதிலிருந்து எடுத்துத் தருகிறவர்களிடம் டிஸ்க்குகளைக் கொடுத்தனுப்பினாள். கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்றிருந்த குரல்கள் தபால் பார்சலில் போய், தபால் பார்சலில் திரும்பின. உள்ளே சுழலுகிற தட்டின் மேற்பூச்சே உரிந்துபோயிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

"ஒவ்வொருத்தரையா நேர்ல வரச்சொல்லி நாமதான் சொல்லணும்" என்றாள் டாக்டர். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அதுதானே உண்மை?"

பூனை தலையாட்டினாள். எதை முதலில் எடுத்தாள் என்று டாக்டர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

தையல்காரம்மா வர வேண்டிய நாளில், குரல் பேசுகிற வேகத்தைக் கொஞ்சம் சரிபண்ண வேண்டும் என்று அண்ணனும் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வராதே என்று எப்படிச் சொல்வது? குரல் கிடைத்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பூனைதான் அந்தக் குரல் கேட்கிறபோதெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துபோய்விடுவாள். உள்ளே எதையோ குடைந்துகொண்டிருந்தவள், வெளியே சிரிப்பும் கைதட்டலும் கேட்டு எட்டிப் பார்த்தாள். காத்திருக்கும் அறையில் அண்ணன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தான். வாய் மூடியிருக்க, விரல் தட்ட, போன் கத்தியது. "நாற்காலி ஒண்ணு! மூணு கால் நல்ல கால், ஒரு கால் சந்தேகக் கால்! யாரு கேக்குறீங்க?" எதிரே கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பூனையைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து கறுப்புத் துணித்துண்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள். துணியில் அளவு குறிக்கிற தையல் சாக்கட்டியால் அதில் எழுதிக் காட்டினாள். எனக்கும் இப்படியே வருமா?

தையல்காரம்மா துணியைத் தட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அவர்கிட்ட இன்னைக்குப் பேசுறேன்னு மெசேஜ் போட்டுட்டேன். இப்ப கூப்பிடுவார்.

"அக்கா" என்று பூனை அவளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க குரல் இல்லக்கா. டிஸ்க் போயிடுச்சு. எடுக்க முடியல." மெஷின் கெட்டுப்போச்சு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "உங்களோடது சின்னதுக்கா. முதல்ல எடுத்திருந்தா வந்திருக்கும். நான் எங்கண்ணனோடதை முதல்ல எடுத்தேன்."

அண்ணனின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்தான். பிறகு போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். தையல்காரம்மா அழவில்லை, அடிக்கவும் இல்லை. சாக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து ஓட்டையில் மூச்சு வேகமாகப் போய்வந்தது.

அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். அடிக்கட்டும் என்று விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. இந்த முறை அவள் அதைப் பூனையின் முன்னால் நீட்டினாள். நீயே சொல்லு என்கிற மாதிரி இருந்தது அந்த நீட்டல். பூனை வாங்கினாள். கை பட்டு ஸ்பீக்கர் ஆகிவிட்டது.

"ஹலோ..." என்றாள்.

காற்றும் இரைச்சலுமாக எங்கோ தூரத்தில் ஒரு ஆண்குரல் தவித்தது. "ஹலோ! நீதானா? வந்துடுச்சா? அடி, வந்துடுச்சா!" விட்டு விட்டு வந்தது. "கொஞ்சம் வேற மாதிரி இருக்கு... லைன் சரியில்ல போல... பரவாயில்ல, பரவாயில்ல. எதாவது பேசு. இன்னும் பேசு."

பூனை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவங்க இல்லைங்க என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. தையல்காரம்மா வேகமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மடியிலிருந்த துணியை இழுத்துப் பிடித்து, சாக்கட்டி உடைகிற அழுத்தத்தில் எழுதி, பூனையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று பூனை வாசித்தாள்.